செங்கம்பளி நூல்

இரத்மலானை ஹங்கரில் காலை ஆறு மணி.
தகரக் கூரை கொதிக்கத் தொடங்குமுன்
பசை பிடித்துவிட வேண்டும்.

வழவழப்பாய் இருக்கவேண்டும் இறக்கை என்று
எழுதிப் பாஸான நான்
அதன் முதுகில்
எண்பத்தெட்டுச் செதில்களை ஒட்டுகிறேன்.
சுண்டுவிரல் நகத்தளவு.
சோடிசோடியாய்,
வருகிற காற்றுக்குக் கொஞ்சம் முகம் கோணி.

வழவழப்பைக் கெடுக்கிறாயே என்கிறான்
துடைப்பத்தோடு நிற்கும் லசந்த.
அவனுக்கு 101 பஸ்ஸைச் சொல்கிறேன்.
ஏறினவர்கள் வாசலிலேயே தேங்கி நிற்க
உள்ளே காற்றாட இடம் கிடக்கும்.
கண்டக்டர் தோளைக் கொடுத்துத் தள்ளுவான்:
இஸ்ஸரஹாட்ட, இஸ்ஸரஹாட்ட.
தோலோடு ஒட்டி ஓடும் காற்றும் அப்படி.
உரசி உரசிக் களைத்து
நிற்கும்.
பிறகு வந்த வழியே திரும்பி நடக்கும்.
மேலே விரைகிற காற்றுக்கு
கீழே நடப்பது தெரியாது.
செதில் அதைப் பிடித்து முறுக்கி
களைத்தவற்றின் நடுவே இறக்கிவிடும்.

"அப்ப இது எண்பத்தெட்டுக் கண்டக்டர்!"
டிக்கட் காசு யாரிடம் என்று கேட்டபடி
கூட்டப் போய்விட்டான்.

வெள்ளவத்தை அறையில் கூட இருக்கும் தயாளினிக்கு
ஸ்டால் என்றால்
காலிமுகத்திடலில் இறால் வடை விற்கிற வண்டி.
இன்றைக்கு ஸ்டால் பார்க்கப் போகிறேன் என்றேன்.
எனக்கும் ரெண்டு வாங்கிவா என்றாள்.

பத்து மணிக்கு ரிஸ்மினா வந்தாள்.
கொட்டாவி, கறுப்புக் கண்ணாடி, வெறும் தேத்தண்ணி.
புறக்கோட்டையில் வாங்கின செங்கம்பளி நூலை
சாண் சாணாய் நறுக்கி
இறக்கை முழுக்க டேப் போட்டு ஒட்டியிருந்தேன்.
காற்றைப் பார்க்க வேறு வழி இல்லை.

பொல்கொடை ஏரிக்கு மேல் நாலாயிரம் அடி.
அவள் எஞ்சினைக் குறைத்தாள்.
மூக்கு உயர்ந்தது.
ஐம்பது நொட்.
நாற்பத்தெட்டு: போன கிழமை இங்கேதான்
நூல்கள் தலைவிரித்தாடின.
இன்று
எண்ணெய் வைத்து வாரினதுபோல் படிந்து கிடந்தன.
நாற்பத்தாறு.
எச்சரிக்கைக் குழல் ஆர்மோனியத்தின் ஒற்றைக் கட்டையாய்
விடாமல் அழுதது.
நாற்பத்துநாலு. நான் சிரித்திருக்கவேண்டும்.
நாற்பத்துமூன்றில்
எல்லா நூலும் ஒரே கணத்தில் எழும்பி
முன்னோக்கித் திரும்பின.
இடது இறக்கை கழன்றதுபோல் சரிந்தது.
ஏரி எழும்பிக் கண்ணாடிக்குள் வந்தது.

ரிஸ்மினா வலது காலை அழுத்தினாள்.
மூக்கைத் தாழவிட்டாள்.
முந்நூறு அடி போயிற்று, பிறகு வானம் கிடைத்தது.

"முந்தி நடுங்கிச் சொல்லும்" என்றாள்.
"இப்ப கடைசிவரை
நல்லா இருக்கிறன், நல்லா இருக்கிறன் என்குது."

குறிப்பேட்டில் 43 என்று எழுதினேன்.
அவள் சொன்னதற்கு அதில் கட்டம் இல்லை.
ஓரத்தில், சரிவாய், எழுதினேன்.

மத்தியானம்
இறக்கை உடம்போடு சேருமிடத்தில், முன்விளிம்பில்,
முக்கோணப் பட்டி ஒன்று ஒட்டினேன்.
விரல் நீளம்.
நல்ல காற்றைக் கெடுக்கவென்றே செய்தது.
அடி முதலில் தோற்கும்.
தோற்ற காற்று வாலில் போய் மோதி
அவள் கையிலுள்ள பிடியை உலுக்கும்.
நுனி அப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும்.
திருப்புகிற கை நுனியில்தானே இருக்கிறது.

"காலையில் திருத்தினாய், இப்ப கெடுக்கிறாய்."
ஓம் லசந்த.
இரண்டும் ஒரே இறக்கைக்குத்தான்.

நாலு மணிக்கு மறுபடி மேலே போனோம்.
நாற்பத்தைந்து.
இரண்டு நொட் நட்டம்.
ஆனால் நாற்பத்தெட்டிலேயே நடுங்கத் தொடங்கியது,
அடியிலுள்ள நூல்கள் மட்டும் கிளர்ந்து.
ரிஸ்மினா பிடியில் இரண்டு விரலை வைத்து
அந்த நடுக்கத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"ம்" என்றாள்.
அவள் அதற்குமேல் கதைப்பதில்லை.

பின்னேரம் 101இல் யன்னலோரம் கிடைத்தது.
மூன்று பேர் மிதிபலகையில் தொங்கினார்கள்.
சட்டைக் கையில் ஒரு செந்நூல்
பசையோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.
பிடுங்கவில்லை.
காலி வீதி முழுக்கப் பின்னோக்கிப் படிந்து கிடந்தது.
தெஹிவளைப் பாலத்தில் டிரைவர் பிரேக்கை மிதிக்க
ஒருமுறை எழும்பி
முன்பக்கம் பார்த்தது.